நாற்றங்கால் வீடுகள்

கம்பம் பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து, ரோட்டைக் கடந்து, எதிர்ப்பக்கத்துக் கடையில் ஒரு மாத்திரை அட்டை வாங்க வேண்டும். நமக்கு இது இரண்டு நிமிஷ வேலை. கண் தெரியாத ஒருவருக்கு? ஒரு நிமிஷம் கண்ணை மூடி நினைத்துப் பாருங்கள். கல் பெயர்ந்த நடைபாதை, மூடி இல்லாத சாக்கடை, குறுக்கே நிறுத்திய மோட்டார் சைக்கிள், ஹாரன் அடிக்காமல் திரும்பும் ஆட்டோ, காலடியில் சுருண்டு கிடக்கும் தெருநாய்... அவர் கையில் இருப்பது ஒரு வெள்ளைக் கோல் மட்டும். தரையில் இருப்பதைக் கோல் சொல்லிவிடும். தலைக்கு நேரே நீட்டிக்கொண்டிருக்கும் கடைத் தகரத்தைச் சொல்லாது.

வெளிநாடுகள் பலவற்றில் இந்த வேலையை நாய் செய்கிறது. பள்ளத்தைக் கண்டால் நிற்கிறது. தகரத்தைக் கண்டால் சுற்றி அழைத்துப் போகிறது. வண்டி வரும்போது எஜமானர் 'போ' என்றாலும் போகாமல் அப்படியே நிற்கிறது. எப்போது சொல் பேச்சுக் கேட்கக் கூடாது என்பதும் அதற்கு ஒரு பாடம்! காது கேளாதவருக்கு வாசல் மணி அடித்ததைத் தொட்டுச் சொல்லும் நாய் உண்டு. சர்க்கரை நோயாளிக்கு ரத்தத்தில் சர்க்கரை இறங்குவதை மோப்பத்தாலேயே கண்டுபிடித்து எச்சரிக்கும் நாயும் உண்டு.

இதையெல்லாம் டி.வி.யில் பார்க்கும்போது, "எவ்வளவு நல்லா பழக்கியிருக்காங்க!" என்று பயிற்சியாளரைப் பாராட்டுகிறோம். பாராட்ட வேண்டியதுதான். ஆனால் பயிற்சியாளர் கைக்குப் போவதற்கு முன்னால், ஏறக்குறைய ஒரு வருஷம் அந்த நாயை வளர்த்தது நம்மைப் போன்ற ஒரு சாதாரணக் குடும்பம். அவர்களுக்குச் சம்பளம் கிடையாது. நாயும் அவர்களுக்குச் சொந்தம் கிடையாது. வளர்த்து ஆளாக்கித் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

என் கட்சி இதுதான்: நல்ல சேவை நாய்க்கு அஸ்திவாரம் பயிற்சிக்கூடத்தில் விழுவதில்லை, வீட்டில் விழுகிறது. அப்படிப்பட்ட வீடுகள் நம் தேனிப் பக்கமும் உண்டாக வேண்டும்.

போரில் தொடங்கிய கதை

முதல் உலகப் போரில் விஷவாயுவாலும் குண்டு வீச்சாலும் கண்ணிழந்த சிப்பாய்களுக்காக, 1916-ல் ஜெர்மனியில் ஓல்டன்பர்க் என்ற ஊரில் வழிகாட்டி நாய்களுக்கான பள்ளி தொடங்கப்பட்டது. ஜெர்மனியில் தான் பார்த்ததை டொரதி யூஸ்டிஸ் என்ற அமெரிக்கப் பெண்மணி 1927-ல் ஒரு பத்திரிகையில் எழுதினார். மோரிஸ் ஃபிராங்க் என்ற கண் தெரியாத வாலிபருக்கு அந்தக் கட்டுரையை வாசித்துக் காட்டினார்கள். அவர் உடனே டொரதிக்குக் கடிதம் போட்டு, 1928-ல் சுவிட்சர்லாந்துக்கே போய், 'பட்டி' என்ற பெண் நாயோடு ஊர் திரும்பினார். மறு வருஷமே அமெரிக்காவில் 'சீயிங் ஐ' என்ற அமைப்பு பிறந்தது. 1931-ல் இங்கிலாந்தில் முதல் நான்கு நாய்கள் பயிற்சி முடித்து வெளியே வந்தன.

பயிற்சி முறை கைக்கு வந்துவிட்டது. ஆனால் நல்ல நாய் கிடைப்பது பெரும்பாடாக இருந்தது. வெளியிலிருந்து வந்த வளர்ந்த நாய்களில் பல தேறவில்லை. கொட்டடியிலேயே வளர்ந்த நாய்க்கு மாடிப்படி தெரியாது, பிரஷர் குக்கர் சத்தம் தெரியாது, குழந்தை அழுகை தெரியாது. எதைப் பார்த்தாலும் மிரளும். மிரளுகிற நாய் இன்னொருவருக்கு எப்படி வழிகாட்டும்?

அதனால் குட்டிகளை வீடுகளுக்கு அனுப்பினார்கள். 1942-ல் அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் கிராமத்துச் சிறுவர் சிறுமியரை நம்பி குட்டிகளை ஒப்படைத்தார்கள். 1956-ல் இங்கிலாந்தும் அதே வழிக்கு வந்தது. இன்றும் பல நாடுகளில் அதுதான் நடைமுறை.

அந்த ஒரு வருஷத்தில் என்ன நடக்கிறது?

குட்டிக்கு ஏழெட்டு வாரம் ஆனதும் வளர்ப்பு வீட்டுக்கு வருகிறது. பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் ஆகும்வரை அங்கே இருக்கிறது. குட்டி பிறந்த மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய பதினாலாவது வாரம் வரை மிக முக்கியமான காலம். அந்த நாட்களில் எதையெல்லாம் பயமில்லாமல் பார்த்துப் பழகுகிறதோ, அதெல்லாம் ஆயுசுக்கும் அதற்குச் சகஜம். எதைப் பார்க்காமல் போகிறதோ, அது பிற்பாடு பூச்சாண்டி.

அதனால் வளர்ப்பவர்கள் குட்டியை பஸ் ஸ்டாண்டு, ரயில்வே ஸ்டேஷன், காய்கறி மார்க்கெட், பள்ளிக்கூட வாசல் என்று எல்லா இடத்துக்கும் கொண்டுபோகிறார்கள். தடுப்பூசி முழுசாக முடியாத குட்டியைத் தரையில் விடாமல், நம் வீட்டில் பிள்ளையை இடுப்பில் தூக்கிப் போவதுபோலத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டுகிறார்கள். ஆள் மேல் தாவக் கூடாது. சாப்பிடுகிற இடத்தில் வந்து கை நக்கக் கூடாது. சொன்ன இடத்தில்தான் ஒண்ணுக்கு, ரெண்டுக்கு. தெருநாய் குரைத்தாலும் திரும்பிக் குரைக்கக் கூடாது. அங்கே கற்றுத் தருவது இவ்வளவுதான். சாலையைக் கடக்கும் வித்தை எல்லாம் பிறகு பயிற்சியாளர் பாடு.

அவர் சில மாதம் பயிற்சி தருவார். அதன்பின் பார்வையற்றவரையும் நாயையும் சேர்த்துச் சில வாரம் பழக்குவார்கள். எல்லாக் குட்டியும் தேறிவிடாது. தேறாத நாய் வேறு வேலைக்குப் போகும், அல்லது யார் வீட்டிலாவது செல்லமாக வாழும். பல இடங்களில், "நீங்களே வைத்துக்கொள்கிறீர்களா?" என்று வளர்த்த வீட்டைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

பிரிவு தாங்குமா?

"வளர்த்த பாசத்தை எப்படிங்கய்யா அறுத்துக் கொடுக்கிறது? அது பாவமில்லையா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. கொடுக்கிற அன்றைக்கு வீடே அழும் என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் நம் பள்ளத்தாக்கில் இது புதுப் பாடமா? முல்லைப் பெரியாறு தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளையும் பூமி இது. நாற்றங்காலில் விதைத்து, தண்ணீர் காட்டி, இருபத்தைந்து நாள் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறோம். பிறகு பச்சைப் பசேலென்று நிற்கிறதைப் பிடுங்கித்தானே வேறு வயலில் நடுகிறோம்? நாற்று விற்கிறவர் அதைப் பக்கத்து ஊர்க்காரர் வயலுக்கே அனுப்பிவிடுகிறார். 'அழகாய் இருக்கே' என்று நாற்றங்காலிலேயே விட்டு வைத்தால் நெருக்கத்தில் முற்றிப் பாழாகும், ஒழுங்கான கதிர் பிடிக்காது. குட்டியை வளர்த்துக் கொடுக்கிற வீடும் ஒரு நாற்றங்கால்தான்.

பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு இதில் இன்னொரு லாபமும் உண்டு. 'என் நாய்' என்று சொந்தம் கொண்டாடும் பிள்ளைக்கும், 'கண் தெரியாத ஒருவருக்காக நான் வளர்க்கிற நாய்' என்று சொல்லும் பிள்ளைக்கும் உள்ள வித்தியாசத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

நம்மிடம் என்ன இருக்கிறது?

நம் நாட்டில் போலீஸ் நாய் உண்டு, ராணுவ நாய் உண்டு. மீரட்டில் ராணுவத்தின் பயிற்சி மையமே இருக்கிறது. ஆனால் பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய் இங்கே அபூர்வத்திலும் அபூர்வம்.

"நம்ம கோம்பை நாயையே பழக்கலாமே?" என்று பெருமையோடு கேட்கிறவர்கள் உண்டு. உத்தமபாளையம் பக்கத்துக் கோம்பையின் பேரைத் தாங்கிய இனம் அது. 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலிப் பேச்சில் நாட்டு நாய்களை வளர்க்கச் சொன்னபோது, ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறையோடு கோம்பையையும் பேர் சொன்னார். ஆனால் கோம்பை தலைமுறை தலைமுறையாகக் காவலுக்கும் வேட்டைக்கும் வளர்ந்த இனம். அந்நியரைக் கண்டால் உஷாராவது அதன் ரத்தத்திலேயே இருக்கிறது. தோட்டக் காவலுக்கு அது வரம். நூறு அந்நியர் உரசிப்போகும் சந்தைக்குள் ஒருவரை அழைத்துப் போக அந்தக் குணம் இடைஞ்சல். வெளிநாடுகளில் லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர் போன்ற சாதுவான இனங்களை இதற்கு அதிகம் எடுப்பது இதனால்தான். ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை. கோம்பைக்கு இதில் குறைவொன்றும் இல்லை.

மற்றபடி யோசித்துப் பாருங்கள். தேனியில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. புரை வந்த கண்ணை ஆபரேஷனில் மீட்டுவிடலாம். மீட்க முடியாத கண் யாருக்கு என்று சொல்லவும் அங்கே டாக்டர்கள் இருக்கிறார்கள். கால்நடை மருத்துவக் கல்லூரியும் தேனிக்கு வந்துவிட்டது. கண் பார்க்கிறவரும் இருக்கிறார், நாய் பார்க்கிறவரும் இருக்கிறார். நடுவில் இல்லாதது பயிற்சி மையமும் வளர்ப்பு வீடும். மையத்துக்குப் பணம் வேண்டும், அரசு வேண்டும், நாள் பிடிக்கும். வீட்டுக்கு மனசு இருந்தால் போதும்.

"மனுஷனுக்கே வழியில்லை, நாய்க்குச் செலவா?" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. இது நாய்க்கான செலவு அல்ல, மனுஷன் தனியாக நடப்பதற்கான செலவு. மகன் லீவு போட்டுக் கைபிடித்துக் கூட்டிப்போகும்வரை காத்திருக்காமல், தானே கிளம்பிக் கடைக்குப் போய்வரும் சுதந்திரத்துக்கு என்ன விலை போடுவீர்கள்?

இன்றே செய்யக்கூடியது

மையம் வரட்டும் என்று சும்மா இருக்க வேண்டாம். வீட்டில் இப்போது இருக்கும் குட்டியையே இந்த முறையில் வளருங்கள். இங்கே பல வீட்டில் குட்டி வந்த மறுநாளே கழுத்தில் சங்கிலி. வாசலில் கட்டி, போகிற வருகிறவரை எல்லாம் குரைக்கப் பழக்கி, 'நல்ல காவல்' என்று மெச்சிக்கொள்கிறோம். அந்த நாய் ஒருநாள் அவிழ்த்துக்கொண்டு ஓடும்போது முதலில் மாட்டுகிறவர் யார்? ஓட முடியாத கிழவர், பள்ளிக்கூடப் பிள்ளை, வெள்ளைக் கோல்காரர்.

சாப்பாட்டு விஷயத்தில் கம்பம் பள்ளத்தாக்குக்கு என்றே ஒரு எச்சரிக்கை. திராட்சைப் பழமும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். கொஞ்சம் தின்றாலும் ஆபத்தாகலாம். திராட்சைத் தோட்டத்தில் உதிர்ந்ததைத் தின்ன விடாதீர்கள். வெங்காயமும் நாய்க்கு ஆகாது, சாக்லேட்டும் ஆகாது, புளியும் வேண்டாம். அதனால் மிச்சக் குழம்புச் சோற்றைத் தட்டில் கொட்டுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஆறு முதல் எட்டு வாரத்தில் முதல் தடுப்பூசி, மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, டாக்டர் சொல்கிறபடி பூச்சி மருந்து, பிறகு தவறாமல் வருஷாந்திர ஊசி. ஆஸ்துமா, தோல் அலர்ஜி உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களுடைய டாக்டரைக் கேட்காமல் குட்டி எடுக்காதீர்கள். காலை முதல் இரவு வரை பூட்டிக் கிடக்கிற வீடும் குட்டிக்கு ஏற்றதல்ல.

கடைசியாக, சித்த மருத்துவன் என்ற முறையில் அழுத்தமாகச் சொல்கிறேன். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ பச்சிலை கட்டாதீர்கள், மிளகாய், மஞ்சள், சுண்ணாம்பு வைக்காதீர்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவுங்கள். உடனே அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய் ஊசி போடுங்கள். காசு கேட்க மாட்டார்கள். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் முடியுங்கள். வெறிநோய் வெளியே தெரிந்தபின் காப்பாற்ற எங்கள் வைத்தியத்திலும் மருந்து இல்லை, இங்கிலீஷ் வைத்தியத்திலும் இல்லை. வீட்டு நாய்தானே என்ற சமாதானமும் வேண்டாம்.

தெருவுக்குத் தெரு நாய்கள் மிரளாமல், விரட்டாமல், ஊசி போட்டு வளர்ந்தால்தான், நாளைக்கு வரப்போகும் வழிகாட்டி நாயும் இந்த ஊரில் நடமாட முடியும். அது வரும்வரை வெள்ளைக் கோலோடு வருகிறவராவது பயமில்லாமல் நடப்பார். உங்கள் வாசலைத் தாண்டி அவர் போகும்போது உங்கள் வீட்டு நாய் எழுந்து வழிவிட்டு ஒதுங்கினால், பாதி வேலை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.