பொது ஸ்டோரேஜில் யாருக்கு முன்னுரிமை? – வங்கித் தரவு மையப் பணியாளர்களின் கோரிக்கைச் சாசனம்

வங்கி நிர்வாகத்துக்கும் தகவல் தொழில்நுட்பப் பிரிவுத் தலைமைக்கும்:

பணப் பரிமாற்ற சர்வர்கள், நாள்முடிவுக் கணக்கு, அறிக்கைகள், பேக்கப், டெஸ்ட் சர்வர்கள் எல்லாம் ஒரே ஸ்டோரேஜை நம்பியே ஓடுகின்றன. நெருக்கடி வந்தால் யார் முந்த வேண்டும், யார் காத்திருக்க வேண்டும் என்று எங்கும் எழுதிவைக்கவில்லை. இரவில் பரிமாற்றம் அடங்கிக் கிடந்த காலத்தில் இது பெரிய குறையாகத் தெரியவில்லை. 2019 டிசம்பர் 16 முதல் நெஃப்ட் 24 மணி நேரமும் இயங்குகிறது. 2020 டிசம்பர் 14 முதல் ஆர்டிஜிஎஸ்ஸும் அப்படியே. யுபிஐக்கு இரவு பகல் கிடையாது. பேக்கப்புக்கென்று ஒதுக்கிய நள்ளிரவு போய்விட்டது. பேக்கப் அட்டவணை மட்டும் அப்படியே இருக்கிறது.

மேல்மடையில் ஒருவர் மொத்தத் தண்ணீரையும் திருப்பிக்கொண்டால் கடைமடை காயும். பேக்கப் தொடங்கியதும் டேட்டாபேஸுக்கு நடப்பது அதுதான். பதில் தாமதமாகிப் பரிமாற்றம் பாதியில் அறுந்தால், ஏடிஎம் முன் நிற்பவரின் கணக்கில் பணம் கழியும், கைக்கு வராது. ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கைப்படி 5 நாளுக்குள் திருப்பி வரவு வைக்காவிட்டால், அதற்குமேல் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. வங்கிக்கு அது சிறு தொகை. மருந்து வாங்கப் பணம் எடுக்க வந்தவருக்கு அந்த 5 நாள் சிறிதல்ல.

ஆகவே நாங்கள் கோருவது:

1. முன்னுரிமைப் பட்டியல் எழுத்தில் வேண்டும். எந்த சர்வர் முதல் வரிசை, எது அடுத்தது என்பதை வணிகப் பிரிவும் தொழில்நுட்பப் பிரிவும் பகலில் உட்கார்ந்து முடிவுசெய்து கையெழுத்திட வேண்டும். இரவு இரண்டு மணிக்கு எந்த அதிகாரி அதிகமாகச் சத்தம் போடுகிறார் என்பதைப் பார்த்து ஷிப்ட் பணியாளர் தீர்மானிக்கும் நிலை ஒழிய வேண்டும்.

2. ஒருவருக்கு முன்னுரிமை தருவதென்றால் மற்றவருக்கு உச்சவரம்பு வைப்பதுதான். ஹிட்டாச்சி ஸ்டோரேஜில் சர்வர் பிரயாரிட்டி மேனேஜர் இதைத்தான் செய்கிறது; நெட்ஆப் போன்ற மற்றவற்றிலும் இதற்கு வழி உண்டு. வாங்கிவைத்த வசதியைப் பயன்படுத்துங்கள். ஆனால் நொடிக்கு எத்தனை கோரிக்கை என்ற ஒரே கணக்கில் வரம்பு வைக்காதீர்கள். 8 கேபி அளவில் 1,000 கோரிக்கை வந்தால் ஏறக்குறைய 8 எம்பி. பேக்கப் 1 எம்பி அளவில் அதே 1,000 கோரிக்கை அனுப்பினால் ஏறக்குறைய 1 ஜிபி. எண்ணிக்கை ஒன்றுதான், சுமையோ நூறு மடங்குக்கும் மேல். பேக்கப்புக்கு எம்பி கணக்கிலும் வரம்பு தேவை.

3. சர்வரை ஸ்டோரேஜோடு இணைக்கும் ஹெச்பிஏ கார்டின் அடையாள எண்ணான டபிள்யூடபிள்யூஎன்னில் வரம்பு கட்டப்பட்டிருந்தால், கார்டை மாற்றியதும் புது எண் வரும். பழைய வரம்பு அதற்குப் பொருந்தாது. ஒரு சர்வருக்கு இரண்டு பாதை இருந்து, ஒன்றுக்கு மட்டும் வரம்பு வைத்தாலும் பயனில்லை. கார்டு மாற்றும் பணிப் பட்டியலில் இந்தச் சரிபார்ப்பும் சேர வேண்டும். விர்ச்சுவல் சர்வர்களில் கூடுதல் கவனம் வேண்டும்: ஒரே எண்ணுக்குப் பின்னால் பத்து இயந்திரங்கள் இருக்கலாம், வரம்பு பத்தையும் சேர்த்தே நெரிக்கும்.

4. டெஸ்ட் பிரிவினர் எங்கள் தோழர்கள். அவர்களைப் பட்டினி போட நாங்கள் கேட்கவில்லை. முதல் வரிசையின் போக்குவரத்து குறித்த அளவுக்குக் கீழே இறங்கினால், மற்றவர்களின் வரம்பு தானாக விலகும்படி அமைக்க வேண்டும்.

5. பேக்கப்பை மெதுவாக்கினால் அது முடிய அதிக நேரமாகும். அந்த நேரத்தை முன்கூட்டியே கணக்கிட்டு அட்டவணையைத் திருத்துங்கள். வரம்பினால் பேக்கப் தாமதமானதற்கு இரவுப் பணியாளரிடம் விளக்கம் கேட்கக் கூடாது.

6. ஒவ்வொரு சர்வரின் காத்திருப்பு நேரமும் எல்லாப் பிரிவினரும் பார்க்கக்கூடிய திரையில் இருக்க வேண்டும். புதிய சர்வர் இணையும்போதெல்லாம் பட்டியலைத் திருத்த வேண்டும்.

அடுத்த காலாண்டு முடிவுக் கணக்கு தொடங்கும் முன் இவற்றுக்கு எழுத்தில் பதில் கோருகிறோம்.