லெவல் சரியாக இருந்தால் போதுமா?

"பிரேக் ஆயில் லெவல் சரியா இருக்கு சார். பழைய வண்டி, அதுல கை வைக்காதீங்க."

பதினைந்து வயது தாண்டிய காரை ஒர்க்‌ஷாப்பில் விடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் அறிவுரை இது. குறைந்தால் ஊற்று, குறையாவிட்டால் மறந்துவிடு என்பதுதான் இதன் சாரம். எஞ்சின் ஆயிலைக் கிலோமீட்டர் கணக்குப் பார்த்து மாற்றுகிறவர்கள்கூட இதை நம்புகிறார்கள். எஃப்.சி.க்கு முன் பெயிண்ட் அடித்து, சீட் கவர் மாற்றுகிறவர்கள் பிரேக் ஆயில் டப்பாவை எட்டிப் பார்ப்பதோடு சரி. இந்த நம்பிக்கை ஆளைக் கொல்லும்.

கொல்லிமலையிலிருந்து காரவள்ளிக்கு இறங்கும் பாதையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். எங்கள் பழைய மாருதி 800-இல் குடும்பத்தோடு இறங்கிக்கொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்தபடியே மூன்றாம் கியரில் இறங்கியது என் தவறு. பாதி மலையில் பெடல் பஞ்சாக அமுங்கியது. அடுத்த வளைவில் மிதித்த கால் தரைவரை போனது. கியரை ஒவ்வொன்றாகக் குறைத்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மலைப் பக்கமாக ஒதுக்கி நிறுத்தினேன். பின்சீட்டிலிருந்து அம்மா என் தோளைப் பற்றிய பிடி இன்னும் மறக்கவில்லை.

முக்கால் மணி நேரம் கழித்து மிதித்தால் பெடல் பழையபடி கெட்டியாக நின்றது. ஊர் திரும்பிக் காட்டியபோது மெக்கானிக் மூடியைத் திறந்து பார்த்தார். "ஒண்ணுமில்ல சார், லெவல் கரெக்டா இருக்கு." லெவல் சரியாகத்தான் இருந்தது. உள்ளே இருந்த ஆயில்தான் கெட்டுப்போயிருந்தது.

பிரேக் ஆயில் என்று நாம் சொன்னாலும் அது எண்ணெய் அல்ல. டாட் 3, டாட் 4 எல்லாம் கிளைக்கால் ஈதர் வகைத் திரவங்கள். மழைக்கால உப்பைப்போல ஈரத்தை இழுத்துக்கொள்ளும் குணம் அவற்றுக்கு உண்டு. ரப்பர் ஹோஸ் வழியாகக்கூட ஈரம் மெல்ல உள்ளே போகும். புதிய டாட் 3-இன் கொதிநிலை 205 டிகிரி செல்சியஸுக்குக் குறையக் கூடாது என்பது தர விதி. ஏறத்தாழ 3.7 சதவீதம் நீர் சேர்ந்ததும் அந்த வரம்பு 140 ஆகிவிடுகிறது. டாட் 4-க்கு 230, 155.

மலை இறக்கத்தில் டிஸ்க் காய்ந்து, அந்தச் சூடு காலிப்பருக்குள் இறங்கும்போது ஈரமேறிய திரவம் கொதித்து ஆவியாகிறது. திரவம் அழுத்தத்துக்குச் சுருங்காது, ஆவி சுருங்கும். கால் பலமெல்லாம் ஆவியைச் சுருக்குவதிலேயே தீர்ந்துவிட, சக்கரத்துக்கு ஒன்றும் போய்ச் சேராது. ஆறியதும் ஆவி மறுபடி திரவமாகிவிடும். பிழைத்து வந்தவன் கையில் காட்ட ஒரு தடயமும் மிஞ்சாது. இந்த நம்பிக்கை இத்தனை காலம் உயிரோடு இருப்பது அதனால்தான்.

டாப்-அப் இதற்கு மருந்தாகாது. பிரேக் ஆயில் எரிந்து தீரும் பொருள் அல்ல. லெவல் இறங்கினால் பேட் தேய்ந்திருக்கும், இல்லையென்றால் எங்கோ கசியும். காரணம் தேடாமல் ஊற்றுவது அந்த எச்சரிக்கையை மூடி மறைப்பது. எஞ்சின் ஆயில்போல் இது சுற்றிச் சுற்றி வருவதும் இல்லை. ஊற்றிய புதியது பெரும்பாலும் மேலேயே நிற்கும், சூடேறும் காலிப்பரில் பழையதே கிடக்கும்.

"கை வைத்தால் சீல் போய்விடும்" என்பதில் பாதி உண்மை இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டரில் பிஸ்டன் அன்றாடம் போய்வரும் தூரத்துக்கு அப்பால் துருவும் கசடும் படிந்திருக்கும். ஆயில் மாற்றி ஏர் எடுக்கும்போது, அதாவது குழாய்களில் உள்ள காற்றை வெளியேற்றும்போது, பெடலைத் தரைவரை மிதித்தால் சீல் அதில் உரசிக் கிழியும். அந்தத் துருவை வளர்த்தது மாற்றாமல் விட்ட ஆயில். சீலைக் கிழிப்பது மிதிக்கும் முறை. பழியைப் புது ஆயில்மேல் போடுவது அநியாயம். பெடலுக்கு அடியில் ஒரு மரக்கட்டையை வைத்தால் கால் அதோடு நிற்கும்.

எங்கள் மாருதிக்கு ஆயில் மாற்றியபோது நாங்கள் அப்படித்தான் செய்தோம். சக்கரங்களில் பழைய ஆயிலை வெளியே விடும் துருப்பிடித்த நிப்பிள்களுக்கு முதல் நாளே துரு இளக்கும் எண்ணெய் விட்டு, மறுநாள் ரிங் ஸ்பானரால் திறந்தோம். டப்பாவில் இருந்ததை ஊசிக்குழலால் உறிஞ்சி எடுத்துவிட்டு, சீல் உடைக்காத புதிய பாட்டிலிலிருந்து ஊற்றினோம். தம்பி மிதித்துப் பிடிக்க, நான் நிப்பிளைத் திறந்தேன். குழாயில் வந்தது கடுங்காப்பி. "மூடிட்டேன், இப்ப விடு" என்று சொன்ன பிறகே அவன் காலை எடுப்பான். முந்தினால் காற்று உள்ளே போய்விடும். நான்கு சக்கரத்திலும் தெளிந்து வரும்வரை விடவில்லை. செலவு, ஒரு லிட்டர் ஆயிலும் ஒரு முற்பகலும்.

இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இதைச் செய்தால் போதும். அடுத்த முறை மலைக்குக் கிளம்பும்போது, பிரேக் ஆயில் கடைசியாக எந்த வருடம் மாற்றியது என்று கேளுங்கள். பதில் தெரியவில்லையென்றால் அன்று மலை ஏறாதீர்கள்.