ப்ளைவுட் தொட்டிக்கு எந்தக் கண்ணாடி?

முன்பக்கம் மட்டும் கண்ணாடி, மத்ததெல்லாம் ப்ளைவுட். நாலடி நீளம், ரெண்டடி அகலம், ரெண்டடி உயரத்துல மீன்தொட்டி செய்யறேன் மக்களே. கண்ணாடிக் கடைக்காரர், "8 எம்எம் டெம்பர்டு போடுங்க தம்பி, உடையவே உடையாது"ன்னார். எனக்கு உடன்பாடில்லை.

சாதாவை விட டெம்பர்டு நாலு மடங்கு பலம், சரி. ஆனா வளையறதுல ரெண்டும் ஒண்ணுதான். மெல்லிசா போட்டா அதுவும் வயிறு தள்ளும், சிலிக்கான் ஒட்டு விட்டுப்போகும். அளவு தப்பினா அறுக்கவும் முடியாது. விளிம்புல சரியான அடி பட்டா மொத்தமும் பொடிப்பொடி; சுமார் 430 லிட்டரும் ஹால்ல. கீழ்வீட்ல ஹவுஸ் ஓனர்! சாதா பெரும்பாலும் விரிசல் விட்டுக் கசியும், வாளி தூக்க நேரமாவது கிடைக்கும்.

அவர் நீளத்தை மட்டும்தான் கேட்டார். அழுத்தத்தைத் தீர்மானிக்கறது தண்ணியோட உயரம். ரெண்டடித் தண்ணி இந்தக் கண்ணாடியை 200 கிலோவுக்கு மேல தள்ளும். (இன்ஜினியரிங் படிச்சதுக்கு இப்பதான் உபயோகம்!)

அதனால 12 எம்எம் சாதா வாங்கிட்டேன். உள்பக்கமா ஒட்டினா தண்ணியே அதைச் சட்டத்தோட அழுத்திப் பிடிச்சுக்கும். தங்கமணி மட்டும் தினமும் ப்ளைவுட்டைத் தட்டித் தட்டிப் பார்க்கறாங்க :)