வாசலில் காத்திருப்பது வீரமா?

சேலம் அஸ்தம்பட்டி ரவுண்டானாவை ஒட்டிய தேநீர்க் கடைகளில் மாலை வேளையில் கூடிக் கைப்பேசியில் துப்பாக்கி யுத்தம் நடத்தும் இளைஞர்களிடையே ஒரு சித்தாந்தம் ஏறக்குறைய சர்வசம்மதமாக நிலைபெற்றிருக்கிறது. வீழ்ந்த எதிராளி மறுபடி உயிர்பெற்று எழும் இடத்தருகே பதுங்கி நின்று, எழுந்த மாத்திரத்தில் அவனை மீண்டும் சுட்டு வீழ்த்துவதை அவர்கள் ‘ஸ்பான் கேம்பிங்’ என்கிறார்கள். அது சாமர்த்தியத்தைச் சேர்ந்ததேயன்றி அநியாயத்தைச் சேர்ந்ததாகாது என்பதும், அதைக் குறைகூறுகிறவன் தோல்வியைத் தாங்கமாட்டாத புலம்பல்காரன் என்பதும் அந்தச் சித்தாந்தத்தின் சாரம். மனிதனோடு மனிதன் மோதும் ஆட்டமே ஆகாது என்னும் பெரியவர்களின் கட்சியில் நான் சேர்ந்தவனல்லன். மோதல் நியாயமானதுதான், அந்த மோதலையே இப்பழக்கம் இல்லாமற் செய்துவிடுகிறது என்பதே என் வழக்கு. எதிர்த்தரப்பின் வாதங்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

ஆட்டமே இதை அனுமதிக்கிறது, ஆகையால் இது விதிக்கு உட்பட்டது என்பது முதல் வாதம். ஆட்டங்களைச் சமைத்தவர்கள் செய்திருப்பதைப் பார்த்தால் இந்த வாதம் நிற்பதில்லை. 2007-இல் வெளிவந்த டீம் ஃபோர்ட்ரஸ் 2-இல், ஒரு கட்சியார் உயிர்பெறும் அறைக்குள் மறுகட்சியார் காலெடுத்து வைக்கவே முடியாது. பேட்டில்ஃபீல்டு வரிசையில், பகைவரின் மூலமுகாமுக்குள் அத்துமீறுகிறவனை ஆட்டமே எச்சரித்து, சில விநாடிகளுக்குள் அவன் திரும்பாவிட்டால் தானே அவனைக் கொன்றுவிடுகிறது. நம் இளைஞர்கள் ஆடும் பிஜிஎம்ஐயின் டிடிஎம் என்னும் குழுப் பந்தயத்திலும், எழுந்தவனைச் சில கணங்கள் குண்டு தீண்டாத காப்பு ஒன்று சூழ்ந்திருக்கிறது. இத்தனை காவல்களைக் கட்டி வைத்தவர்கள், அக்காவல்களுக்கு அகப்படாமல் நழுவும் செயல்களையெல்லாம் மனமுவந்து ஆசீர்வதித்தார்கள் என்று முடிவுகட்டுவது எந்தத் தர்க்கத்துக்கும் ஒவ்வாது. தடுக்க முடியாமற் போனது வேறு, அனுமதிக்கப்பட்டது வேறு.

விதி இருதரப்புக்கும் ஒன்றே, இன்று நான் உன் மூலையில் நிற்கிறேன், நாளை நீ என் மூலையில் நின்றுகொள் என்பது இரண்டாவது வாதம். இதன் உண்மையைச் சோதிக்க அந்த டிடிஎம் பந்தயத்தையே சற்று அருகிலிருந்து பார்க்கலாம். ஒரு கிடங்குக்குள் நால்வருக்கு நால்வர். முதலில் நாற்பது பேரை வீழ்த்தும் கட்சிக்கு வெற்றி. ஐந்தாறு புள்ளிகள் முந்திய கட்சி எதிரியின் கோடிக்கே போய்ப் பெட்டிகளின் மறைவில் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு, காப்பு விலகும் கணத்தை எதிர்பார்த்து நிற்கிறது. எழுந்த பையனின் கட்டைவிரல் திரையில் சரியாகப் பதியுமுன் திரை சிவந்து மங்குகிறது. “ஸ்பானை விட்டு வெளிய வரவே விடமாட்டேங்கிறானுங்கடா” என்று அவன் முறையிட, “சைடுல ஜம்ப் பண்ணி வாடா மாப்ள” என்று பக்கத்திலிருக்கும் தோழன் உபதேசிக்கிறான். உபதேசம் முடிவதற்குள் மறுபடி மரணம். ஒருவனுக்கு எதிரி எழப்போகும் இடம் தெரியும், குறியும் முன்கூட்டியே வைத்தாயிற்று. மற்றவனுக்குச் சுட்டது யார், எங்கிருந்து என்பதே தெரியாது. அதற்கும் மேலாக, ஒவ்வொரு மரணமும் கொன்றவனுக்குப் புள்ளியைக் கொடுப்பதோடு, செத்தவனை அதே மூலையில் கொண்டுவந்து நிறுத்துகிறது. அனுகூலம் அனுகூலத்தையே ஈன்று பெருகும் இந்த ஏற்பாட்டில் விதியின் சமத்துவம் ஏட்டளவில் நிற்கிறது. நாளைக்கு முறை மாறும் என்பதால் நியாயம் பிறந்துவிடாது. ஓர் அநியாயம் இரண்டாகும், அவ்வளவே.

யுத்தமென்றால் இப்படித்தான் இருக்கும் என்பது மூன்றாவது வாதம். இப்படிச் சொல்கிறவர்கள் யுத்தத்தைப் பற்றி நம் முன்னோர் கொண்டிருந்த அபிப்பிராயத்தை அறியாதவர்கள். பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய புறநானூற்றின் ஒன்பதாம் பாட்டு, அம்பு தொடுக்குமுன் ஆவினங்களும் அந்தணரும் பெண்டிரும் பிணியாளரும் புதல்வரைப் பெறாதோரும் காவலுள்ள இடத்துக்குப் போய்விடுமாறு அறிவிப்பதை அறநெறியென்று போற்றுகிறது. இரவில் பாசறைக்குள் புகுந்து உறங்கியவர்களை வெட்டிச் சாய்த்த அசுவத்தாமனையோ, பாரதம் தலைமணியைப் பறிகொடுத்துச் சாபம் சுமந்து அலையும்படி விட்டது. இவற்றையெல்லாம் ஒதுக்கிவைத்தாலும் மெய்யான யுத்தத்தை இந்த ஆட்டத்துக்கு உவமையாக்க முடியாது. ஏனெனில் மெய்யான யுத்தத்தில் மாண்டவன் எழுவதில்லை. மறுபடி எழுந்து போரிடலாம் என்பது ஆட்டம் தானாக முன்வந்து இருதரப்புக்கும் கொடுத்த வாக்கு. அந்த வாக்கின்மேல்தான் பந்தயமே கட்டப்பட்டிருக்கிறது. தான் விழும்போது அவ்வாக்கின் பலனை அனுபவித்துக்கொண்டு, பிறன் விழும்போது மட்டும் அதைச் செல்லாததாக்குகிறவன் யுத்ததர்மத்தைத் துணைக்கழைக்க உரிமையற்றவன்.

எதிரியின் வாசல்வரை முன்னேறுவதே திறமை, தப்பத் தெரியாதவன் பழகித் தேறட்டும் என்பது நான்காவது வாதம்; எல்லாவற்றிலும் வலுவுள்ளது இதுவே. முன்னேறுவது திறமை என்பதை மனமார ஒப்புக்கொள்கிறேன். களத்தின் நடுவைக் கைப்பற்றி, வழிகளை அடைத்து, எதிரியைப் பின்னுக்குத் தள்ளுகிற தந்திரம் போற்றுதற்குரியதே. அடுத்து வருவதுதான் விவகாரம். ஆத்தூர்ப் பக்கத்துக் கூலமேட்டில் ஜல்லிக்கட்டுப் பார்த்தவர்களுக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை: வாடிவாசலை மறித்து நின்றுகொண்டு, காளை வெளியே வருமுன்பே அதை அமுக்க முயல்கிறவனை எந்த ஊராரும் மாடுபிடி வீரனென்று ஒப்பமாட்டார்கள், காளை வெளிப்பட்டுத் துள்ளிய பின் திமிலைத் தழுவுகிறவனுக்கே பரிசு. பழகித் தேறுவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. இன்ன பக்கம் திரும்பினேன், அது தவறாயிற்று என்று கண்டால்தான் ஒருவன் அடுத்தமுறை திருத்திக்கொள்ள முடியும். எந்தப் பக்கமும் திரும்ப அவகாசமில்லாமல் செத்தவன் அந்தச் சாவிலிருந்து கற்பதற்கு ஒன்றுமில்லை.

பிடிக்காதவன் வேறு ஆட்டத்துக்குப் போகட்டும் என்பது கடைசி வாதம். போகத்தான் செய்வார்கள், நஷ்டம் தங்குகிறவர்களுக்கே. 1997-இல் தொடங்கிய அல்டிமா ஆன்லைனில், ஊர்க்காவலைத் தாண்டியவர்களைக் கொன்று உடைமைகளைப் பறிக்கும் கூட்டத்தின் தொல்லை பெருகியதன் விளைவாக, 2000-இல் அவ்வுலகத்தையே இரண்டாக்கி, சம்மதமின்றி ஒருவரையொருவர் கொல்ல இயலாத ட்ராமல் என்னும் பூமியைத் தனியே படைக்க நேர்ந்தது. வேர்ல்டு ஆஃப் வார்கிராஃப்டும் 2018-இல், மோத விரும்புகிறவன் தானே ‘வார் மோட்’ என்பதை ஏற்றுக்கொள்ளும் ஏற்பாட்டுக்கு வந்து சேர்ந்தது. கணினி உலகில் பலர் கூடி ஆடும் ஆட்டத்தின் முன்னோடிகளுள் ஒருவரான ரிச்சர்டு பார்ட்டில், பிறரை வதைப்பதிலேயே இன்பம் காண்போர் பெருகினால் மற்ற வகை ஆட்டக்காரர்களுள் பலர் கலைந்துபோவார்கள் என்பதை 1996-லேயே விளக்கி எழுதியிருக்கிறார். அவர்கள் கலைந்தபின் மிஞ்சுகிறவர்களுக்குச் சுடுவதற்குக்கூட ஆள் கிடைப்பது அரிதாகும்.

ஆகவே அளவுகோல் எளியது: எழுந்தவனுக்கு ஒரு முடிவெடுத்து அதைச் செய்து பார்க்க அவகாசம் இருந்ததா? இருந்து, அதன்பின் அவன் வீழ்ந்தானென்றால், எத்தனை முறை வீழ்ந்தாலும் அது அவன் தோல்வி. அதைப் பற்றி முறையிட அவனுக்கு வாயில்லை. இல்லையென்றால் கொன்றவனுக்கு அதில் வெற்றியுமில்லை. கம்பெனிக்காரர்கள் இதற்கொரு பூட்டுச் செய்து தரும்வரை காத்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. தோழர்கள் தங்களுக்குள் ரூம் போட்டு ஆடும்போது, ஸ்பான் எல்லைக்குள் நின்று எடுத்த கில் கணக்கில் சேராது என்று ஆரம்பத்திலேயே பேசிக்கொண்டால் போதும். அவ்வாறு ஆடியும் ஜெயிக்கிறவனைச் சாமர்த்தியசாலி என்று சொல்ல எனக்கு யாதொரு ஆட்சேபமும் இல்லை.