பெர்க்லி வேண்டாமென்ற ஆள்

1970-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் கணிதத் துறை, நான்கு வருடம் பாடம் நடத்திய ஸ்டீபன் குக்குக்கு நிரந்தரப் பதவி தர மறுத்தது. அவர் டொரன்டோவுக்குப் போனார். மறுவருடமே எட்டுப் பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டார். அது எழுப்பிய கேள்வி இது: ஒரு விடை சரியா என்று சட்டென்று சோதிக்க முடிந்தால், அந்த விடையைச் சட்டென்று கண்டுபிடிக்கவும் முடியுமா? முடித்த சுடோகுவைச் சரிபார்ப்பதற்கும் காலிக் கட்டங்களை நிரப்புவதற்கும் உள்ள தூரம்தான் இது. இப்படிப்பட்ட கணக்குகள் எல்லாவற்றின் கடினத்தையும் ஒரே தர்க்கக் கணக்குக்குள் அடக்கிவிடலாம் என்று குக் நிறுவினார். அடுத்த ஆண்டு, வெவ்வேறு துறைகளில் சிதறிக் கிடந்த 21 கணக்குகள் உள்ளே ஒன்றேதான் என்று காட்டியவர் ரிச்சர்ட் கார்ப். அவர் இருந்தது, வேறெங்கே, அதே பெர்க்லியில்! 1982-இல் குக்குக்குக் கணினியியலின் டியூரிங் விருது கிடைத்தது. ஆனாலும் அன்று அவரை வேண்டாமென்ற பெர்க்லியை மட்டும் திட்டிப் பயனில்லை என்பேன். கோட்பாட்டுக் கணினியியலில் ஒருவர் வருடக்கணக்கில் யோசிப்பதும் சும்மா உட்கார்ந்திருப்பதும் வெளியே ஒன்றுபோலத்தான் தெரியும். ஆனால், அதற்காகக் கட்டுரைகளை எண்ணி ஆளை எடைபோடும் இன்றைய வழக்கம் அதைவிட மோசம். ஏறக்குறைய இதே முடிவை மாஸ்கோவில் தனியாகக் கண்டடைந்த லியோனித் லெவின் 1973-இல் அச்சிட்டது இரண்டே பக்கம். அவருக்கோ அரசியல் காரணத்தால் முனைவர் பட்டமே மறுக்கப்பட்டது. நாட்டைவிட்டு வெளியேறி, 1979-இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் அதை வாங்கிக்கொண்டார்.