கார் மெருகுக்கு எந்த 'பேட்' நீடித்து உழைக்கும்?

வெயிலில் நிற்கும் ஒரு கறுப்புக் காரைக் குனிந்து பார்த்தால் தெரியும். சூரியன் பட்டுத் தெறிக்கும் இடத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போல மெல்லிய கோடுகள்! காருக்கு வயது இரண்டோ மூன்றோதான் இருக்கும். அதற்குள் முகத்தில் சுருக்கம் விழுந்து விட்டது.

இந்தக் கோடுகள் பெரும்பாலும் துடைப்பதால் வருகின்றன. தெருப் புழுதி படிந்த காரை உலர்ந்த துணியால் துடைக்கிறார்கள். புழுதியில் மணல் இருக்கிறது. மணலை வைத்துத் தேய்த்தால் கண்ணாடியே கீறும். காரின் பூச்சு எம்மாத்திரம்?

கோடுகளை எடுக்க வழி உண்டு. பட்டறைகளில் அதை 'ரப்பிங் பாலிஷ்' என்பார்கள். இப்போது சில இடங்களில் 'பெயிண்ட் கரெக்ஷன்' என்று பெயர்ப் பலகை மாட்டியிருக்கிறார்கள். பெயர் மாறியதும் கட்டணமும் மாறிவிட்டது! அடிப்படை வேலை என்னவோ ஒன்றுதான். ஒரு மின்சார யந்திரம். அதன் முனையில் வட்டமான ஒரு பேட். பேடில் பாலிஷ் மருந்தைத் தடவிக் காரின் மேல் சுழல விடுகிறார்கள். கோடுகள் எவ்வளவு ஆழமோ அவ்வளவுக்கு மேல் பூச்சு தேய்ந்து போகிறது. கோடும் போய்விடுகிறது.

காரைக் கொண்டு போகிறவர் என்ன கேட்கிறார்? "எந்த ஊர் மெஷின்? எந்தக் கம்பெனி பாலிஷ்?" என்று கேட்கிறார். பேடைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. காரைத் தொடுவதோ அந்த பேட் ஒன்றுதான். யந்திரம் தொடுவதில்லை, தொழிலாளியின் கையும் தொடுவதில்லை. பேடில் மிச்சம் பிடிக்கும் பட்டறைக்காரர், அந்தச் செலவை வாடிக்கைக்காரரின் கார் மேல் ஏற்றுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

மயிரிழையை விட மெல்லியது

அந்தக் காலத்துக் கார்களில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. தேய்த்தால் துணியில் நிறம் ஒட்டும். கொஞ்சம் அதிகமாகத் தேய்த்து விட்டாலும் அடியில் அதே நிறம்தான் இருக்கும். ஆகவே பயமில்லாமல் தேய்த்தார்கள்.

இன்றைய கார் அப்படி இல்லை. தகட்டின் மேல் பிரைமர். அதன் மேல் நிறம். எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத, கண்ணாடி போன்ற ஒரு பூச்சு. இதை 'கிளியர் கோட்' என்கிறார்கள். எல்லாப் பூச்சும் சேர்ந்தே சுமார் 100 முதல் 150 மைக்ரான்தான். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறு ஒரு மைக்ரான். அதில் கிளியர் கோட் மட்டும் சுமார் 40 அல்லது 50 மைக்ரான் இருக்கும். தலைமயிரின் தடிப்பு சுமார் 70 மைக்ரான் என்றால், கிளியர் கோட் எவ்வளவு மெல்லியது என்று பார்த்துக் கொள்ளலாம்.

வெயிலைத் தாங்கும் மருந்து இந்தக் கிளியர் கோட்டில்தான் கலந்திருக்கிறது. ஒவ்வொரு முறை மெருகு ஏற்றும் போதும் அதில் சில மைக்ரான் போகிறது. போனது போனதுதான். மெழுகு பூசினாலும் திரும்பி வராது. பூச்சு மிகவும் மெலிந்து விட்டால் சில வருஷ வெயிலில் கூரையும் பானட்டும் வெளுத்து, தோல் உரிவது போல உரியும். பிறகு பெயிண்டரிடம்தான் போக வேண்டும்.

கடன் வாங்கிப் பழைய கார் வாங்கும் குடும்பங்களுக்கு இது இன்னும் பெரிய விஷயம். விற்பதற்கு முன் அந்தக் காரை எத்தனை பேர், எத்தனை தடவை மெருகு போட்டார்களோ, யாருக்குத் தெரியும்? பூச்சின் தடிப்பை அளக்கச் சிறு கருவி இருக்கிறது. நல்ல பட்டறைக்காரர் வேலை தொடங்கும் முன் அதை வைத்துப் பார்ப்பார்.

சூடுதான் எதிரி

பேட் ஏன் கெடுகிறது? தேய்வதால் மட்டும் அல்ல. சூட்டினால்!

மருந்தும், பூச்சில் இருந்து வந்த தூளும் சேர்ந்து பேடின் கண்களை அடைத்து விடுகின்றன. அடைத்த பேட் காற்று வாங்காது. சூடு ஏறும். சூடு ஏறினால் நுரைப் பஞ்சு தொய்ந்து போகும். தொய்ந்த பஞ்சு கோட்டை எடுக்காது. வேலை செய்பவர் இன்னும் அழுத்துவார். அழுத்தினால் மேலும் சூடு! கடைசியில் பேடின் நடுப்பகுதி வெந்து, பின்பக்கத்து ஒட்டு விட்டுப் போகும். அதே நேரத்தில் காரின் பூச்சும் வெந்து கொண்டிருக்கும். அதனால்தான், சீக்கிரம் கெடும் பேட் காருக்கும் ஆபத்து.

யந்திரம் இரண்டு விதம். ஒன்று நேராகச் சுற்றுவது. மற்றது சுற்றிக்கொண்டே ஆடவும் செய்வது. நேராகச் சுற்றுவது வேகமாகத் தேய்க்கும். பழக்கம் இல்லாதவர் கையில் பூச்சைச் சீக்கிரம் சுட்டு விடும். ஆடும் யந்திரம் காருக்குச் சாது. ஆனால் பேடைப் பிசைந்து எடுத்துவிடும். ஆகையால் ஆடும் யந்திரத்துக்குத் தடித்த பேட் வேண்டாம். மெல்லிய பேடில் சூடு சீக்கிரம் வெளியேறும். நடுவில் துவாரம் இருந்தால் இன்னும் நல்லது.

கெட்டியானது எல்லாம் உழைக்குமா?

பேட் மூன்று வகையில் வருகிறது. கம்பளி, மைக்ரோஃபைபர், நுரைப் பஞ்சு.

கம்பளி பேட் ஆழமான கோடுகளுக்கு. ஆட்டு ரோமத்தில் செய்தது. மூன்றில் நீண்ட நாள் உழைப்பது பெரும்பாலும் இதுதான். முதலில் கொஞ்சம் இழை கொட்டும், பிறகு நின்றுவிடும். ஆனால் கம்பளி போட்ட இடத்தில் மெல்லிய சுழல் கோடுகளை விட்டுப் போகும். அவற்றை எடுக்க நுரைப் பஞ்சு போட்டே ஆக வேண்டும். கம்பளியோடு வேலையை முடித்து, மெழுகைப் பூசி மறைத்துக் காரைக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். நாலு தடவை காரைக் கழுவினால் குட்டு வெளிப்பட்டு விடும்.

மைக்ரோஃபைபர் பேட் வேகமாக வேலை செய்யும். ஆனால் இழைகள் சீக்கிரம் மருந்தைக் குடித்துப் படிந்து போகும். ஒரு கதவை முடித்ததும் பிரஷ் போட்டுக் கிளறி விட வேண்டும். அந்தப் பொறுமை இல்லாதவருக்கு இது ஏற்றதல்ல.

மிக அதிகமாகப் புழங்குவது நுரைப் பஞ்சு. இது பாலியூரிதேன் என்ற பொருள். ஜெர்மனியில் ஆட்டோ பேயர் என்ற ரசாயன அறிஞரும் அவரது குழுவினரும் 1937-ல் இந்தப் பொருளுக்கு வழி கண்டார்கள். இன்று மெத்தை, கார் இருக்கை எல்லாம் இதுதான். பேட் செய்யும் பஞ்சு அதிலேயே பல தரம்: கெட்டியானது, நடுத்தரம், மிருதுவானது.

இங்கேதான் பலர் தவறிப் போகிறார்கள். "கெட்டியாக இருந்தால் நாள்பட உழைக்கும்" என்று கெட்டிப் பஞ்சை வாங்குகிறார்கள். எல்லா வேலைக்கும் அதையே போடுகிறார்கள். கெட்டிப் பஞ்சு உழைப்பது உண்மை. ஆனால் அது பூச்சை அதிகமாகத் தேய்க்கும், மங்கலாகவும் விடும். மிருதுவான பேட் சீக்கிரம் கிழிகிறது என்று குறை சொல்வதும் நியாயமல்ல. கடைசி மெருகுக்கு அதுதான் வேண்டும். அரிவாள்மணை வெகு நாள் உழைக்கிறது என்று அதை வைத்துத் தோசை திருப்புவார்களா? கெட்டிப் பஞ்சைக் கெட்டிப் பஞ்சோடும், மிருதுவானதை மிருதுவானதோடும் வைத்து எது உழைக்கும் என்று பார்ப்பதுதான் முறை.

நிறத்தை நம்புவதும் சரியல்ல. ஒரு கம்பெனியின் ஆரஞ்சு நிறப் பஞ்சு மற்றொரு கம்பெனியின் ஆரஞ்சு நிறப் பஞ்சு ஆகாது. எல்லாருக்கும் பொதுவான நிறக் கணக்கு கிடையாது. கடைக்காரரிடம் "தேய்க்கவா, மெருகுக்கா, கடைசிப் பளபளப்புக்கா?" என்று கேட்டே வாங்க வேண்டும்.

கடையில் பார்க்க வேண்டியது

பேடை விரலால் அழுத்தி விட வேண்டும். நல்ல பஞ்சு உடனே எழும். சோம்பலாக எழுவது காருக்கு உதவாது. கண்கள் ஒரே சீராக இருக்க வேண்டும். ஓரத்தைச் சுரண்டினால் துகள் உதிரக் கூடாது.

பிறகு பேடைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கேதான் பேடின் ஆயுள் இருக்கிறது. யந்திரத் தட்டோடு பேட் ஒட்டிக்கொள்ளும் துணிக்கு வெல்க்ரோ என்று பெயர். நம் ஊர் நாயுருவி வேட்டியில் ஒட்டிக் கொள்கிறதே, அதே வித்தைதான்! சுவிட்சர்லாந்தில் ஜார்ஜ் டி மெஸ்ட்ரால் என்பவர் 1941-ல் நாயோடு உலாவப் போனார். நாயின் ரோமத்தில் ஒட்டிய காய்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். அவற்றில் சின்னஞ்சிறு கொக்கிகள் இருந்தன. அதைப் பார்த்தே வெல்க்ரோவைக் கண்டுபிடித்து 1955-ல் உரிமை பெற்றார்.

அந்தத் துணி பஞ்சோடு எப்படி ஒட்டியிருக்கிறது? ஓரத்தில் நகம் நுழைந்தால் அந்த பேடை அங்கேயே வைத்துவிட வேண்டும். பஞ்சின் விளிம்பு துணியைத் தாண்டி வெளியே இருக்க வேண்டும். யந்திரத் தட்டும் பேடை விடச் சிறியதாக இருக்க வேண்டும். 5 அங்குலத் தட்டு என்றால் 5½ அல்லது 6 அங்குல பேட். அப்போதுதான் தட்டின் விளிம்பு காரில் இடிக்காது.

மலிவாகக் கிடைக்கிறது என்று மூட்டையாக வாங்கி வைப்பதிலும் புண்ணியமில்லை. நுரைப் பஞ்சு வெயிலிலும் ஈரத்திலும் சும்மா இருந்தே மஞ்சளாகி உதிரும்.

விலையைப் பற்றி ஒரு கணக்கு. ஒரு பேட் 300 ரூபாய், 5 கார் உழைக்கிறது என்று வைத்துக் கொள்வோம். மற்றொன்று 900 ரூபாய், 30 கார் உழைக்கிறது. முதல் பேடுக்குக் காருக்கு 60 ரூபாய் ஆகிறது. இரண்டாவதற்கு 30 ரூபாய்தான். எது மலிவு? பேட் வாங்குபவர் விலைச் சீட்டைப் பார்க்காமல், தம் பட்டறையில் அது எத்தனை கார் உழைத்தது என்று நோட்டில் எழுதி வைத்துப் பார்க்கலாம். எழுதுகிறவர்கள்தான் குறைவு.

ஒரே பேடா?

நல்ல பேடையும் ஒரே நாளில் கொன்று விடலாம். ஒரு காருக்கு ஒரே பேட் என்று போட்டால் போதும்!

நடுத்தரக் கார் ஒன்றுக்கு ஒரே ரகத்தில் நாலைந்து பேடாவது கைவசம் வேண்டும். ஒன்று சூடானதும் கழற்றி ஆற விட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். ஐந்து பேடை மாற்றி மாற்றிப் போட்டால், ஒவ்வொன்றாகத் தேய்த்துத் தீர்ப்பதை விட அதிக நாள் வரும். கையை வைத்துப் பார்த்தால் பொறுக்கும் சூடுதான் இருக்க வேண்டும். காருக்கும் அதே கணக்கு. வெயிலில் நிறுத்திய காரில் யந்திரத்தை வைக்கவே கூடாது.

பேடைத் தட்டின் நடுவில் சரியாக மாட்ட வேண்டும். ஓரமாக மாட்டினால் உதறி உதறியே கிழியும். கழற்றும்போது வெடுக்கென்று பிடுங்காமல் ஓரத்தில் இருந்து மெல்ல உரிக்க வேண்டும். கதவு விளிம்பு, கம்பெனிப் பெயர் எழுத்து, நம்பர் பிளேட்டின் முனை, இவையெல்லாம் பேடைக் கிழிக்கும். விளிம்புகளில் பூச்சும் மெலிந்திருக்கும். காகித டேப் ஒட்டி விட்டால் இரண்டும் பிழைக்கும்.

வேலை முடிந்ததும் அன்றே கழுவ வேண்டும். இரவு முழுவதும் மருந்து காய்ந்து கல்லாகி விட்டால், மறுநாள் அதே பேட் உப்புத்தாள்! வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் மிருதுவான சோப்பும் போதும். கொதிக்கும் தண்ணீர் ஒட்டை விட வைக்கும். தின்னர் பஞ்சையே தின்று விடும். துணி பிழிவது போல முறுக்காமல் உள்ளங்கையில் அழுத்திப் பிழிந்து, நிழலில் உலர்த்தி, புழுதி படாத டப்பாவில் வைக்க வேண்டும். தரையில் விழுந்த பேடைத் தட்டிவிட்டு மாட்டவே கூடாது. அதில் ஒட்டிய ஒரு மணல் போதும், கார் முழுவதும் கோடு போட!

பையன் மேல் பழி

இவ்வளவும் வேலை செய்யும் பையனுக்குத் தெரியாதா? பெரும்பாலும் தெரியும். அவன் கையில் கொடுக்கப்படுவது ஒரே ஒரு பேட். அதை வைத்து நாளுக்கு மூன்று கார் முடிக்கச் சொல்கிறார்கள். கழுவ நேரமும் கிடையாது. கடைசியில் விளிம்பில் பூச்சு போய்விட்டால் அவன் கூலியில் பிடிக்கிறார்கள்! இது எந்த ஊர் நியாயம்? பேட் வாங்கித் தருவது முதலாளியின் பொறுப்பு. கழுவும் நேரமும் வேலை நேரம்தான். இந்த இரண்டையும் கொடுத்த பிறகு பூச்சு போனால் பையனைக் கேட்கலாம்.

வாடிக்கைக்காரரும் சும்மா இருக்க வேண்டியதில்லை. காரை விடும்போது, "அண்ணே, எந்த பேட் போடப் போறீங்க? கொஞ்சம் காட்டுங்க" என்று கேட்டால் போதும். தொழில் தெரிந்தவர் கோபித்துக் கொள்ள மாட்டார். "பாருங்க சார்" என்று டப்பாவைத் திறந்து காட்டுவார். கழுவி உலர்த்திய பேடுகள் வரிசையாக இருந்தால் தைரியமாகச் சாவியைக் கொடுக்கலாம். காய்ந்த மருந்தோடு ஒரே ஒரு பேட் மேஜை மேல் கிடந்தால் வேறு பட்டறை பார்ப்பதே மேல். முதலில் ஒரு சாண் இடத்தில், மிருதுவான பேடில் ஆரம்பித்து வேலையைச் செய்து காட்டச் சொல்லவும் அவருக்கு உரிமை உண்டு. மிருதுவானதில் கோடு போய்விட்டால் கெட்டியானது எதற்கு?

ஓரம் கிழிந்த பேட், அழுத்தினால் எழாத பேட், பின்துணி கழன்ற பேட், இவற்றைப் பசை போட்டு ஒட்டி மறுபடியும் காருக்குக் கொண்டு வரக் கூடாது. சுழலும் வேகத்தில் பசை விட்டால் தட்டே காரில் இறங்கும். அப்படிப்பட்ட பேட் டயருக்குக் கறுப்பு மருந்து தடவ உதவும். அதன் மேல் மையால் 'டயர்' என்று பெரிதாக எழுதி வைத்துவிட்டால், அவசரத்தில் யாரும் எடுத்து யந்திரத்தில் மாட்ட மாட்டார்கள்.