அம்மாவுக்குக் காவலாக அல்சேஷன் வாங்கும் முன்

கொஞ்சம் நீளமான பதிவு. வாட்ஸப்பில் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதி விரல் வலிக்கிறது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

பொங்கலுக்குப் பிறகு மூன்று பேர் ஏறக்குறைய ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டீர்கள். ஒருவர் சிங்கப்பூரில், ஒருவர் சென்னையில். "டீச்சர், ஊர்ல அம்மா தனியா இருக்காங்க. காவலுக்கு ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டி வாங்கி விட்டுடலாமா?" மூன்றாவது ஆள் எங்கள் சொந்தம், கும்பகோணத்தில் மாடி வீடு. அவன் பிள்ளை யூடியூபில் பார்த்துவிட்டு பார்டர் கோலிதான் வேண்டும் என்கிறானாம். நான் கால்நடை டாக்டர் இல்லை. ஆனால் எங்கள் வீட்டில் நாய் இல்லாத வருடம் கிடையாது. கேட்டதால் சொல்கிறேன்: மூன்று பேருக்கும் வேண்டாம்.

நாம் அல்சேஷன் என்று சொல்லிப் பழகிய ஜெர்மன் ஷெப்பர்டின் பெயரிலேயே அதன் தொழில் இருக்கிறது. மேய்ப்பனின் நாய். 1899இல் ஸ்டெபானிட்ஸ் என்ற குதிரைப்படை அதிகாரி அங்கங்கே ஆடு மேய்த்த நாய்களிலிருந்து இந்த இனத்தை வகுத்தார். அங்கே அதற்கு என்ன வேலை தெரியுமா? வேலி இல்லாத வயல்களுக்கு நடுவே ஆடு மேயும். இந்தப் பக்கம் பயிர், அந்தப் பக்கம் பயிர். நம் ஊர் வரப்பு மாதிரி ஓர் ஓரத்தில் நாள் முழுக்க மேலும் கீழும் ஓடி, ஆடு பயிரில் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ளவேண்டும். நடமாடும் வேலி என்றே சொல்லலாம். அப்படி ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்த உடம்பும் புத்தியும் அதற்கு. அதைக் கொண்டுவந்து ரேழியில் சங்கிலி போட்டுக் கட்டினால் என்ன ஆகும்? வகுப்பில் கணக்கை முதலில் முடித்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கும் பையன்தான் பக்கத்துப் பையனைக் கிள்ளுவான். யார் யாரென்று உங்களுக்கே தெரியும், பெயர் சொல்லவில்லை.

நம் பக்கத்திலும் மேய்ச்சல் நாய் உண்டு, ஆனால் கதை வேறு. தை அறுவடை முடிந்ததும் ராமநாதபுரம், சிவகங்கை பக்கமிருந்து கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு வருவார்கள். வயலில் கிடை போட்டு, மேட்டூர் திறக்கும் ஜூன் வாக்கில் திரும்புவார்கள். அவர்களோடு வரும் நாய்களைக் கவனித்திருக்கிறீர்களா? பகலில் நாய் ஆட்டை ஓட்டாது, கீதாரியே குரல் கொடுத்துத் திருப்புவார். நாய் பாட்டுக்கு ஓரமாக வரும், நிழல் கண்டால் படுக்கும். அதன் வேலை ராத்திரியில், நரிக்கும் திருடனுக்கும். மேய்க்கிற நாய் வேறு, காக்கிற நாய் வேறு. அம்மாவுக்கு வேண்டியது இரண்டாவது. நீங்கள் வாங்க நினைப்பது முதலாவது. ஷெப்பர்ட் காவலும் காக்கும், மறுக்கவில்லை. போலீசிலும் ராணுவத்திலும் இருக்கிறதே என்பீர்கள். அங்கே ஒவ்வொரு நாய்க்கும் தினமும் பயிற்சி தர ஒரு ஆள் சம்பளத்துக்கு இருக்கிறார். உங்கள் வீட்டில் யார்?

இதைத்தான் உட்கார்ந்து யோசிக்கவேண்டும். வளர்ந்த ஆண் ஷெப்பர்ட் 30லிருந்து 40 கிலோ. காலையும் மாலையும் வெளியே கூட்டிப் போகவேண்டும். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி. தெருவில் பூனை குறுக்கே ஓடினால் நாய் ஒரு இழுப்பு இழுக்கும். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் காவலுக்கு வந்த நாயாலேயே ஆஸ்பத்திரி. அந்தப் பயத்தில் அம்மா அதை அவிழ்க்கவே மாட்டார். அவிழ்க்காத நாய் குரைத்துக்கொண்டே இருக்கும், கடிக்கவும் பழகும். அது 10, 12 வருடம் இருக்கும். அப்போது அம்மாவுக்கு 82. கணக்கு உங்களுக்கு நான் சொல்லித் தரவேண்டியதில்லை, ஏற்கெனவே சொல்லித் தந்ததுதான்.

சித்திரை வெயிலும் இருக்கிறது. நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வேர்க்காது, மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். இரட்டை அடுக்கு முடி வேறு. அது வீடெல்லாம் உதிரும், யார் பெருக்குவது? தயிர்சாதம் போட்டு வளர்த்துவிடலாம் என்று நினைக்கும் வீடுகளுக்கு ஒரு வார்த்தை: இவ்வளவு பெரிய உடம்புக்கு அது போதாது. முட்டை, இறைச்சி வேண்டும். வீட்டுக்குள் அதற்கு இடமில்லை என்றால் இந்த நாய்க்கும் இடமில்லை.

பார்டர் கோலி விஷயம். அமெரிக்காவில் ஜான் பில்லி என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர் சேசர் என்ற பார்டர் கோலிக்கு 1022 பொம்மைகளின் பெயரைக் கற்றுக்கொடுத்தார். அந்த வீடியோவைத்தான் நம் பையனும் பார்த்திருப்பான். மூன்று வருடம், தினமும் நாலைந்து மணி நேரம் அவர் அதனோடு உட்கார்ந்தார் என்பதைப் பார்த்தானா தெரியவில்லை. இது பார்வையாலேயே ஆட்டை மடக்கும் நாய். ஆடு கிடைக்காவிட்டால் சைக்கிளை மடக்கும், ஓடும் குழந்தைகளின் குதிகாலைக் கவ்வும். அறுவடை முடிந்த வயலில் வாத்துக் கூட்டம் மேயும்போது அவிழ்ந்து போனால் கேட்கவே வேண்டாம், பஞ்சாயத்துதான்.

இன்னொரு ஆபத்து பலருக்குத் தெரியாது. உண்ணிக்கும் சொறிக்கும் ஐவர்மெக்டின் ஊசி போடுவது இங்கே சாதாரணம். கோலி வகை நாய்கள் பலவற்றுக்கும் ஷெப்பர்டுகள் சிலவற்றுக்கும் பிறவியிலேயே உள்ள ஒரு மரபணுக் கோளாறால் அந்த மருந்து மூளைக்குள் போய்விடும், உயிருக்கே ஆபத்து. மருந்துக் கடையில் தானாக வாங்கிப் போடாதீர்கள்.

ஷெப்பர்ட் யாருக்குத்தான் பொருந்தும்? பாபநாசம் பக்கம் விவசாயம் பார்க்கும் என் மாணவன் ஒருவன் வைத்திருக்கிறான். காலையில் சைக்கிளில் வயலுக்குப் போகும்போது கூடவே ஓடுகிறது, சாயங்காலமும் அப்படியே. பகலெல்லாம் பம்பு செட் கொட்டகையில் அவனோடு. அந்த நாயைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. அப்படி ஓர் ஆளும் வெட்டவெளியும் இருந்தால் வாங்குங்கள்.

சிங்கப்பூர் தம்பி, உன் அம்மாவைப் போய்ப் பார்த்துக் கேட்டேன். "நாயெல்லாம் என்னால முடியாது டீச்சர், கொல்லைக் கதவு தாழ்ப்பாள்தான் சரியில்ல" என்றார். முதலில் ஆசாரியைக் கூப்பிட்டு அதை மாற்று. நாய் அவசியம் என்றால் தெருவில் பிறந்த நாட்டுக் குட்டி ஒன்று போதும். நம் வெயில் அதற்குப் பழக்கம், அந்நியர் வந்தால் குரைக்கும், பாதி நேரம் தன் பாட்டைத் தானே பார்த்துக்கொள்ளும். ராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை என்று பெருமைக்காகப் போகாதீர்கள். அவையும் ஓட்டத்துக்கும் வேட்டைக்கும் வந்த இனங்கள், அதே சிக்கல்தான்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள் நாயைத் தெருவில் விட்டுவிடாதீர்கள். தினம் இருவேளை ஓட்டிவர சம்பளத்துக்கு ஒரு பையனை ஏற்பாடு செய்யுங்கள். குட்டி வாங்கக் கொடுத்த பணத்தைவிட இது முக்கியம். வெறிநாய்க்கடித் தடுப்பூசி வருடா வருடம். எலிக் காய்ச்சலுக்கான ஊசியையும் கேட்டுப் போடுங்கள். நம் வயலிலும் வாய்க்காலிலும் எலி அதிகம், அந்தத் தண்ணீரைத்தான் நாய் குடிக்கும். நாயிடமிருந்து மனிதருக்கும் அது வரும். சந்தேகம் இருந்தால் ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது, நாயோடு நேரில் போய்க் கேளுங்கள்.